அரைவயிற்றுப் பேட்டரி

காருக்கே சோறு போடும், தான் பட்டினி கிடந்தால் திட்டு வாங்கும். அது என்ன? பேட்டரிதான்.

சார்ஜ் ஏறவில்லை என்று கார்க்காரர், பேட்டரிக்கு மின்சாரம் ஆக்கித் தரும் ஆல்டர்னேட்டரைப் பெரியதாக வாங்கி மாட்டினார். அப்போதும் பேட்டரிக்கு அரைவயிறுதான்.

"அண்ணே, என் சாப்பாடு எங்கே?"

"என்னைச் சுழற்றினால்தானே சமைப்பேன்? பெல்ட்டைக் கேள்!" என்றது ஆல்டர்னேட்டர்.

தொளதொளத்த பெல்ட் கீச்சிட்டது. "நான் ஓடிக்கொண்டுதானே இருக்கிறேன்!"

"எங்கே ஓடுகிறாய்? வழுக்குகிறாய்! உன்னை இழுத்து ஒரு போல்ட்டை முறுக்கினால் போதும். அதற்குள் என்னைத் தூக்கி எறியப்போகிறார்களே!" என்று பேட்டரி கத்தியது.

வெளியே கார்க்காரர் தன் மகள் தேன்மொழியிடம், "புதுப் பேட்டரி சிவப்பா, நீலமா?" என்று கேட்டார்.

நீலம் என்றாள் தேன்மொழி.