செங்கமலத்துக்கு வெள்ளைக்கொடி

குண்டசாலை பிரதான வீதியிலிருந்து என் வீட்டு வாசல்வரை வெள்ளைக்கொடி கட்டியிருந்தது.

எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள என் நாடியையும் ஒருமுறை பிடித்துப் பார்த்தேன்.

"அங்கிள், ஊட்டுல யாரு மௌத்து?" ஃபாஸில் தன் த்ரீவீலரை நிறுத்திக் கேட்டான்.

யாரென்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் முடியாது.

செத்தவள் செங்கமலம். டீவி நாடகத்தில் பலசரக்குக் கடை நடத்துபவள். நாடகத்தில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள். அவளை வைத்து முகநூலில் நான் தனியாக ஒரு தொடர் எழுதுகிறேன், 'மலர்விழி' என்ற பெயரில். புருஷன் சந்தேகப்பட்டான் என்று நேற்று அவளை விஷம் குடிக்க வைத்தேன்.

வாசகிகள் அழுததில் கண்டி வாவி ஓரடி உயர்ந்ததாகக் கேள்வி. அழாதவர்கள் திட்டினார்கள். செங்கமலம் ஒருநாளும் அப்படிச் செய்ய மாட்டாளாம்.

மலர்விழி நான்தான் என்று வெளியே தெரிந்தால், மாநகர சபையில் ஆட்களை அதட்டியே ஓய்வுபெற்ற என் மானம் போய்விடும். யாருக்கோ தெரிந்துவிட்டது.

ஃபாஸிலின் முகம் சரியில்லை. பக்கத்து வீட்டு நிஷாந்தினி டீச்சர் மதிலுக்கு மேலால் அனுதாபமாகப் பார்த்தார். அந்த அனுதாபமும் சரியில்லை.

ஒரு கொடியை அவிழ்த்தேன். ஓரத்தில் ஜரிகை. என் கோயில் வேட்டியில் கிழித்த துண்டு.

நேரே சமையலறைக்குப் போனேன். மலர்விழி யாரென்று தெரிந்த ஒரே ஆள், என் மனைவி இராஜகுமாரி, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். யாரிடம் சொன்னாய், யாரோடு பேசுகிறாய், யார் யார் கூட்டு என்று, கதையில் அந்தப் புருஷன் கேட்டதைவிடக் கூடவே கேட்டேன்.

அவள் வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

"ஒருத்தர்கிட்டயும் சொல்லலைங்க. பொம்பளையக் கொன்னுட்டு ஒரு கொடிகூடக் கட்டலைன்னா எப்புடி? நாந்தான் கட்டுனேன். ஆனா அந்தப் புள்ள எதுக்குங்க விஷம் குடிக்கணும்? கடைய நடத்துறவளுக்கு பஸ் ஏறத் தெரியாதா?"

கையைக் கழுவினாள். அடுப்பை அணைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு கெலிஓயாவிலுள்ள தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பஸ் நிறுத்தம்வரை ஃபாஸில்தான் ஏற்றிக்கொண்டு போனான்.

அத்தியாயத்தைத் திருத்த உட்கார்ந்தேன்.

செங்கமலம் பஸ் ஏறுகிற இடம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு புருஷன் என்ன செய்வான் என்பதுதான் நம்பும்படி வரமாட்டேன் என்கிறது.

அவனுக்குப் பசிக்கிறது. வீட்டில் அரிசி எந்த டின்னில் இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது.