கைக்காசு ரேட்டு

அவள் ஆஸ்பத்திரி பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நான்கு பக்கம். பொடி எழுத்து.

முப்பது வருடமாகத் தூத்துக்குடி சந்தையில் மீன் விற்கிறவள் செல்வரோஸ். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு சாளையைக்கூட வாங்கியது கிடையாது.

பில்லுக்குச் செவுள் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

மூன்றாவது பக்கத்தில் அகப்பட்டது.

"தம்பி, கையுறை நாப்பது ஜோடின்னு போட்டிருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கைதான்."

கவுண்டரில் இருந்தவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "அது டாக்டரு, நர்ஸுங்க போடுறதும்மா."

"அவங்களுக்கும் ரெண்டுதான?"

வரிசையில் பின்னால் நின்றவள் சிரித்துவிட்டாள். பகவதி. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி.

பக்கத்துக் கட்டில்காரர் வங்கி மேலாளர். செல்வரோஸின் கணவர் ததேயு கடலுக்குப் போகிறவர். ஒரே வாரம், ஒரே டாக்டர். இரண்டு பேருக்கும் நெஞ்சைத் திறந்து மூன்று மூன்று அடைப்புக்குப் பைபாஸ் செய்திருந்தார். ஒன்பது நாளாக இரண்டு பேரும் ஒரே உப்பில்லாக் கஞ்சியைச் சேர்ந்தே திட்டினார்கள். சேர்ந்தே குடித்தார்கள்.

இன்றைக்கு இரண்டு பேருக்கும் வீடு.

பகவதி தன் பில்லைக் காட்டினாள். ஐந்து லட்சத்து எண்பதாயிரம்.

செல்வரோஸ் தன்னுடையதைப் பார்த்தாள். மூன்று லட்சத்து அறுபதாயிரம்.

"ஒங்க சாருக்கு என்னக்கா, உள்ள தங்கத்துல தச்சிருக்காங்களா?"

கவுண்டர்காரன் குரலைத் தாழ்த்தினான். "அவங்களுக்கு இன்சூரன்ஸ் ரேட்டும்மா. ஒங்களுக்குக் கைக்காசு ரேட்டு."

"ஒரே மீனுக்கு ரெண்டு வெலையா? எங்க ஏலத்துலகூட அப்படிக் கெடையாதே."

"எனக்கென்ன, கம்பெனிக்காரன் குடுக்கான்" என்றாள் பகவதி. "நாங்க கட்ட வேண்டியது முப்பதாயிரம்தான்."

"அப்ப கட்டிட்டுக் கெளம்ப வேண்டியதுதான?"

"அவன் சரின்னு சொல்லணுமே. காலையில ஒம்போது மணிக்கு அனுப்புனது. எங்க வீட்டுக்காரரு அப்பவே சட்டையைப் போட்டுட்டு உக்காந்துருக்காரு."

மணி மூன்றரை.

செல்வரோஸிடம் எந்தக் காப்பீடும் இல்லை. அரசாங்க அட்டைக்கு எழுதிக் கொடுக்கக் கிளம்பிய நாளெல்லாம் மீன் நிறையப் பட்ட நாளாகப் போய்விட்டது. மீனை விட்டுவிட்டு அட்டைக்கு யார் போவார்கள்?

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பேரத்தை ஆரம்பித்தாள்.

கையுறையில் தொடங்கினாள். பஞ்சுக்கு வந்தாள். வார்டில் படுக்காத ஒரு நாளுக்குப் படுக்கை வாடகை போட்டிருந்ததைப் பிடித்தாள். உள்ளே இருந்து ஓர் அதிகாரி வந்தார். அவருக்கு முதலிலிருந்து சொன்னாள். பகவதி கூட நின்று, "ஆமா சார், அன்னைக்கு அவரு ஐ.சி.யூ.லதான் இருந்தாரு" என்று சாட்சி சொன்னாள்.

பதினெட்டாயிரத்து ஐந்நூறு குறைந்தது.

"யம்மா, போதும்மா" என்றான் கவுண்டர்காரன்.

அவள் பையைத் திறந்தாள். கட்டுக் கட்டாக எடுத்து வைத்தாள். வள்ளம் விற்ற பணம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் விற்றது. ததேயுவிடம் சொல்லவில்லை. உள்ளே தைத்தது முதலில் நன்றாகப் பிடிக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

நாலு மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். மேலாளர் ஷூவோடு கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ததேயு அவர் கையைப் பிடித்தார். "ஒங்க கம்பெனிக்காரன் விடலேன்னா சொல்லுங்க சார். எங்க வீட்டம்மாவ அனுப்பி வைக்கேன்."

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார்.

தூத்துக்குடிக்குத் திரும்பும் வாடகைக் கார் பாளையங்கோட்டையைத் தாண்டியது. ததேயு ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். இருமினாலும் சிரித்தாலும் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

வல்லநாடு வந்தது.

"வள்ளம் எவ்வளவுக்குப் போச்சி?" என்றார்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"உமக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பத்து நாளா ஒருத்தன்கூட வள்ளத்தப் பத்தி எங்கிட்டப் பேசல. பாக்க வந்தவன் பூராவும் ஆப்பிளப் பத்தியே பேசுறான்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது. கண்ணும் கலங்கியது.

"நாலு" என்றாள்.

"நாலா?" அவர் புருவத்தைத் தூக்கினார். "ரெண்டு எடத்துல ஒட்டுப் போட்ட வள்ளத்துக்கா? வாங்குனவன் பாவம்ளா."

இரண்டு பக்கமும் உடைமரங்கள் ஓடின.

"எஞ்சினோடயா?"

இதை அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

அவள் திரும்பினாள்.

"கேட்டான். சேத்துக் குடுத்தா இன்னும் ஒண்ணு தாரேன்னான். கேட்டா குடுத்துருவேனா? அடுப்பங்கரையில கெடக்கு. சாக்கு போட்டு மூடி வச்சிருக்கேன்."

ததேயு தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உடம்பு குலுங்கியது. டிரைவர் பயந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல, சிரிக்காரு. நீங்க போங்க தம்பி" என்றாள்.

தூத்துக்குடி நெருங்கியதும் காற்றில் உப்பு ஏறியது. ததேயு கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"தம்பி, நேரா வீட்டுக்கு வேண்டாம். வள்ளம் கட்டுற பட்டறைப் பக்கமா ஒரு சுத்து சுத்திட்டுப் போங்க. சும்மா பாக்கத்தான்."

இன்றைக்கா, வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம்.

கூந்தலை அவிழ்த்து இறுக்கிக் கொண்டை போட்டாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.