மூன்றாவது ஸ்கோப்

துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் மூன்று ஸ்கோப்புகளையும் சீலன் கண்ணாடி மேசையின் மேல் எடுத்து வைத்தான்.

டொரீன் எதையும் தொடவில்லை.

"எது கைவிடாது?" என்று மட்டும் கேட்டாள்.

அறுபது தாண்டிய பெண். கனடாவின் வடக்கே, ஏரிகளுக்கு நடுவில் கிடக்கும் சிற்றூர் அது. அவள் அக்டோபரில் ஒரு மூஸ் சுடுவாள். குதிரையைவிட உயரமான காட்டுமான். அந்த இறைச்சிதான் குளிர்காலம் முழுவதற்கும்.

சீலன் சொல்லத் தொடங்கினான். ஒரே குழாயாகக் கடைந்தது. உள்ளே பனிக்காதபடி நைட்ரஜன் நிரப்பியது. துப்பாக்கி எவ்வளவு உதைத்தாலும் குறி நகராது. அந்த வேட்டைப் பொருள் கடையில் அவனுக்கு நாலு வருடம். விவரப் புத்தகம் மொத்தமும் பாடம்.

ஆனால் ஒரு ஸ்கோப்பிலாவது அவன் கண்ணை வைத்ததில்லை.

யாராவது பார்த்துச் சொல்லக் கேட்டால் கூட வேலை செய்யும் ரிக்கைக் கூப்பிடுவான். ரிக் அன்று விடுப்பு. மகளுக்குக் கல்யாணம்.

"எல்லா ஸ்கோப்புக்கும் இதைத்தான் சொல்கிறார்கள்," என்றாள் டொரீன்.

போன வருடம் அவளுடைய வண்டி ஓடையில் கவிழ்ந்தது. துப்பாக்கி தண்ணீருக்குள் போயிற்று. துடைத்து எடுத்துக்கொண்டு நடந்தாள். மறுநாள் காலை ஒரு மூஸ் எதிரே வந்து நின்றது. ஸ்கோப்புக்குள் லேசாகப் பனித்திருந்தது. பரவாயில்லை என்று சுட்டாள்.

குண்டு வயிற்றில் பட்டது.

இரண்டு நாள் தேடினாள். மூன்றாம் நாள் காகங்கள்தான் இடத்தைக் காட்டின.

"இன்னொன்றை அப்படிச் சாகவிட மாட்டேன். நம்பக்கூடியது கிடைக்காவிட்டால் இந்த வருடம் இறைச்சியே வேண்டாம்."

கடையின் மூலையில் தூண்டில் மீன்குஞ்சுகள் உறைந்து கிடக்கும் பெட்டி. அவள் அதைக் கைகாட்டினாள்.

"அதற்குள் வைத்துப் பார்க்கலாமா?"

கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வைத்தான்.

அரை மணி நேரம். அவன் இரண்டு கோப்பி கலந்தான். அவள் நின்றுகொண்டே குடித்தாள்.

வெளியே எடுத்தபோது மூன்றும் வெள்ளை பூத்திருந்தன. வெளிப்புறத்தைத் துணியால் துடைத்தான். உள்ளே பனித்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

டொரீன் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். கீழே வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினாள்.

"கண்புரை எடுத்து மூன்று வாரம்தான் ஆகிறது. வேட்டைக்குள் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். இன்றைக்கு எனக்கு எல்லாமே மங்கல். நீ பார்த்துச் சொல்."

அவன் கை மேசையிலேயே இருந்தது.

பத்தொன்பது வயதில், ஊரில் சண்டையின் கடைசி நாட்களில், அவன் கைகளைத் தலைக்கு மேலே தூக்கியபடி ஒரு வெட்டைவெளியை நடந்து கடந்தவன். எதிரே படையினரின் மண் அணை. அணையின் மேல் ஒரு துப்பாக்கி. அதன் மேல் இதே போன்ற ஒரு ஸ்கோப்பின் கண்ணாடி வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து ஓயாத துப்பாக்கிச் சூடு.

அவன் நடந்து முடியும்வரை ஒரு குண்டும் அவனுக்கு வரவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் என்னைக் கவனிக்கவில்லை. அதனால் தப்பினேன். பதினேழு வருடமாகச் சீலன் அப்படித்தான் நம்பியிருந்தான்.

டொரீன் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"முடியாதென்றால் பரவாயில்லை. திங்கட்கிழமை ரிக் இருக்கும்போது வருகிறேன்."

அவன் கதவைப் பார்த்தான். காட்டுக்குள் இரண்டு நாள் வயிற்றில் குண்டோடு கிடந்த அந்த மூஸை நினைத்தான்.

முதலாவதை எடுத்துக் கண்ணில் வைத்தான்.

முழுக்கப் பனி.

இரண்டாவதில், ஓரத்தில் மட்டும், மூச்சுப் பட்டதுபோல ஒரு மெல்லிய திரை.

மூன்றாவதைக் கதவுக் கண்ணாடியின் பக்கம் திருப்பினான்.

வண்டித் தரிப்பிடத்தின் மறுகோடி. நூறு மீட்டராவது இருக்கும். ஒருவர் காருக்குள் இருந்து டோனட் தின்றுகொண்டிருந்தார்.

மீசையில் சீனி.

கழுத்துப் பொத்தான் இல்லை. அந்த இடத்தில் ஒரு துண்டு வெள்ளை நூல்.

இடது இமையில் மரு. எதையோ நினைத்துத் தனக்குள் சிரித்தார். சிரித்தபோது அந்த மரு மெல்ல அசைந்தது.

கண்ணை எடுக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"எப்படி?"

"தெளிவு," என்றான். "எல்லாம் தெரிகிறது."

டொரீன் அதையே வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது அவன் தோளை ஒருமுறை அழுத்தினாள்.

மத்தியானம் கடையின் பின்வாசலில் நின்று மனைவிக்கு அழைத்தான். சாருமதி முதியோர் இல்லத்தில் வேலையில் இருந்தாள். இந்த நேரத்தில் அவன் அழைப்பதே இல்லை.

"என்னப்பா? சுகமில்லையோ?"

"இண்டைக்கு நான் அதுக்குள்ளால பாத்தனான்."

எதற்குள் என்று அவள் கேட்கவில்லை.

"எவ்வளவு கிட்டத் தெரிஞ்சது?"

"சட்டையில நூல் தொங்கினது தெரிஞ்சது."

அந்தப் பக்கம் ஒரு தள்ளுவண்டி உருண்டு போகும் சத்தம். யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.

"அப்ப அண்டைக்கு," என்றாள் மெதுவாக, "அவன் உங்கட முகத்தை வடிவாப் பாத்திருக்கிறான்."



சீலன் தொப்பியைக் கழற்றினான். செப்டெம்பர் வெயில் நேரே முகத்தில் விழுந்தது. அவன் திரும்பிக்கொள்ளவில்லை.

"ஓம்," என்றான். "பாத்திருக்கிறான்."