ஐந்து நட்சத்திரம்

சங்கரன்கோவில் கடையில் இந்த மாதம் ‘வைரா’ போனை மட்டும்தான் விற்க வேண்டும் என்பது சிம் கம்பெனியின் உத்தரவு. ‘நிலா’ போன் ஒன்று விற்றாலும் விற்பனையாளன் செண்பகராஜுக்கு வேலை போய்விடும்.

போன வாரம் இசக்கியம்மாள் தன் பழைய நிலாவைக் கொடுத்து வைரா வாங்கும்போது, மகள் பவிஷாவைக் காட்டிக் கேட்டாள். “இவ காதுல இருக்க மிஷினு இதுலயும் வேலை செய்யும்லா?”

அது நிலா போனோடு மட்டும் இணைந்து இயங்கும் காது கேட்கும் கருவி என்பது அவனுக்குத் தெரியும். “எல்லாம் நல்லாக் கேக்கும்க்கா” என்றான்.

இன்று அவள் மகளோடு வந்து கவுன்டரில் ஓங்கி அறைந்தாள். “எட்டு நாளா எம்பிள்ளைக்கு ஒண்ணுமே கேக்கல, பாவி! என் பழைய போனைக் குடு!”

“அத அன்னைக்கே நொறுக்கியாச்சுக்கா. உங்க சிம்மு ரெண்டு வருசத்துக்கு வைராவுல மட்டுந்தான் வேலை செய்யும்.”

அவள் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. பவிஷா திரும்பவே இல்லை. வாசலில் வாடிக்கையாளர் மதிப்பெண் போடும் திரையில் மினுங்கிய நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஐந்தும் எரிந்ததும் கைதட்டிச் சிரித்தாள்.

ஐந்து போட்டவருக்கு வாய்விட்டு நன்றி சொல்ல வேண்டும் என்பது கடை விதி.

“ரொம்பத் தேங்க்ஸ், பாப்பா” என்றான் செண்பகராஜ்.