சின்னவன் குரல்

“குரல்ல கனமே இல்லடா. பேஸை இன்னும் கூட்டு” என்றாள் அக்கா.

தம்பி ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவன். விடுமுறை நாளில் தூங்கவிடாமல் அவனை இழுத்து வந்திருந்தாள். வாசல் மணியை அழுத்தினால், உள்ளே ஸ்பீக்கரில் சின்னவன் குரல் கேட்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

“எக்கச்சக்கமா கூட்டியாச்சுக்கா. இருக்கிறதே கீச்சுக் குரல். நான் என்ன மந்திரமா போடுறேன்?”

“நானும் மாமாவும் வேலைக்குக் கிளம்பிட்டா அவன் மட்டும்தான் வீட்டுல. தெருவுல ரெண்டு வீட்டுப் பூட்டை உடைச்சிருக்காங்க. உள்ள இருக்கிறவன் பெரிய ஆளுன்னு வர்றவன் நினைக்க வேண்டாமா?”

“அப்ப வேற குரலைப் போட்டுடலாமே?”

“எங்க சின்னவன் இருக்கும்போது அடுத்தவன் குரல் எதுக்கு?”

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு பேஸைக் கடைசிவரை திருப்பினான். மாமா வெளியே போய் மணியை அழுத்தினார். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

“யப்பா! தெரிஞ்ச எனக்கே தூக்கிவாரிப் போட்டுடுச்சு” என்று நெஞ்சைப் பிடித்தபடி உள்ளே வந்தார் மாமா.

அக்காவுக்கு வாயெல்லாம் பல். “சின்னவா, கேட்டியாடா உன் குரலை?”

சின்னவனைக் காணோம். மூவரும் வீடு முழுக்கத் தேடினார்கள்.

கட்டிலுக்கடியில், முழங்கால் உயரம்கூட இல்லாத அந்த நாய்க்குட்டி வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு நடுங்கியது. என்ன கெஞ்சியும் வெளியே வரவில்லை. வீட்டுக்குள் ஏதோ பெரிய நாய் புகுந்துவிட்டதாக அது முடிவே கட்டிவிட்டது.