எல்லாத்துக்கும் ஒரு துவக்கு

"தோள்மூட்டு கழண்டு விழுறமாதிரிக் கிடக்கு. உதைப்புக் குறைஞ்ச துவக்கா ஒண்டு காட்டும், அன்புராசா."

எட்வேட் வலது தோளைப் பிசைந்தபடி கண்ணாடி மேசையில் சாய்ந்தான். விடியவிடிய லொறியிலிருந்து பெட்டி இறக்கிவிட்டு, கண் மூடாமல் நேரே கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்த துவக்குக் கடைக்கு வந்திருந்தான்.

"என்னத்தைச் சுடப்போறியள் அண்ணை?"

"மூஸ், மான். ஏலுமெண்டால் முயலும்."

கடைக்கார அன்புராசா சிரித்தான். "மாட்டை விடப் பெரிய மூசுக்கும் முயலுக்கும் ஒரே துவக்கோ? தகப்பனும் பிள்ளையும் ஒரு சப்பாத்தைப் போடப் பாக்கிறமாதிரிக் கதை. முயலுக்குத் தனியா ஒரு சின்ன 22 துவக்கு வாங்குங்கோ."

"இரண்டு துவக்கோடை போனால் மனிசி என்னை வீட்டு வாசல்படி ஏறவிடாள். ஒண்டுதான்."

எட்வேட்டுக்கு உண்மையிலேயே துவக்கு வேண்டும். வேட்டைக்கு லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தான். ஆனால் வந்த காரியம் அது மட்டுமல்ல. ஜக்கெட் பொக்கற்றுக்குள் கைகளை விட்டபடி பக்கத்தில் நின்ற பஸ்ரியனைச் சோதித்துப் பார்க்கவும்தான் கூட்டி வந்திருந்தான்.

தங்கச்சி மக்டலீன் தானே கேட்ட மாப்பிள்ளை அவன். வாற ஞாயிறு சேர்ச்சில் கலியாணத்தை அறிவிக்கும் முதல் மண ஓலை வாசிக்க வேண்டும். அதற்கு முன் தமையன் ஓம் சொல்ல வேண்டும். அவளும் இரண்டு வருடத்துக்கு முன் வன்னியிலிருந்து வந்தவள்தான். ஆளை எப்படித் தெரியும் என்று கேட்டால், "அங்கை கண்டனான்" என்பதோடு சரி.

பஸ்ரியன் அதைவிட மோசம். போன வருடம் வந்து சேர்ந்தவன். அங்கே என்ன வேலை என்று கேட்டால், "எடுபிடி வேலை அண்ணை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வான். ஊரில் சண்டை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. அவனுடைய அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. ஒருகாலம் ஆயுதம் தூக்கியவன் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டின பாவத்துக்கு மக்டலீன் முப்பத்தாறு வயதில் தனிமரமாய் நிற்பாள்.

அன்புராசா மூன்று தோட்டாக்களை மேசையில் வரிசையாக வைத்தான்.

"இது 243. உதைக்காது. மானுக்குக் காணும், மூசுக்குப் பத்தாது. அந்தக் கரையிலை கிடக்கிறது 30-06. மூசை விழுத்தும், உங்கடை தோளையும் விழுத்தும்."

"நடுவிலை கிடக்கிறது?"

எட்வேட் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒன்றும் தெரியாதவன் போலத் திரும்பினான். "நீர் என்ன சொல்லுறீர், பஸ்ரியன்?"

பஸ்ரியன் ஒரு கையை வெளியே எடுத்தான். நடுத் தோட்டாவின் முனையிலிருந்த சன்னத்தை, அந்தக் குண்டை, இரண்டு விரலுக்குள் வைத்து உருட்டினான். பார்வை எங்கேயோ சுவரில் இருந்தது.

"ஏழு புள்ளி ஆறு ரெண்டு."

"அட!" என்றான் அன்புராசா. "308 எண்டால் மில்லிமீற்றரிலை அதுதான். பாக்காமலே சொல்லுறார்!"

எட்வேட்டின் நித்திரைக் கலக்கம் பறந்துவிட்டது. "அப்ப எது நல்லம்?"

"இதுதான் அண்ணை. சின்னதா வேகமாப் போறது உள்ளை எல்லாத்தையும் கூழாக்கிப்போடும். இது கொஞ்சம் பாரம். பெரிசுக்கும் காணும், இறைச்சியும் மிஞ்சும். ஆனால் எலும்பிலை பட்டால் எங்கை போய் நிக்கும் எண்டு சொல்லேலாது. தோளிலை பட்டது அடிவயித்திலை கிடக்கும்."

"மானிலையோ?" என்று அன்புராசா கேட்டான்.

பஸ்ரியன் தோட்டாவைத் திரும்ப மேசையில் வைத்தான்.

அன்புராசா சுவரிலிருந்து ஒரு 308 றைபிளை எடுத்து அவனிடம் நீட்டினான். "பிடிச்சுப் பாருங்கோ. பாரம் தெரியும்."

பஸ்ரியன் வாங்கவில்லை. கை திரும்பவும் பொக்கற்றுக்குள் போய்விட்டது. பிடித்தால் பழக்கம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயப்படுகிறான். எட்வேட்டுக்கு இனி ஒரு சந்தேகமும் இல்லை.

"காரிலை கார்ட்டை விட்டிட்டன், எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு எட்வேட் வெளியே போனான். கார்ப் பார்க்கில் குளிர் காதைக் கடித்தது. அங்கேயே நின்று தங்கச்சிக்கு போன் அடித்தான்.

"பிள்ளை, உவன் எங்களுக்குச் சரிவராது. ஓலையை நிப்பாட்டு."

"ஏன் அண்ணை?"

"ஏனோ? தோட்டாவைத் தடவிப்போட்டு அளவு சொல்லுறான். எங்கை பட்டால் எங்கை போகும் எண்டு படம் கீறாத குறை. இயக்கத்திலை ஆயுதம் தூக்கி எத்தினை பேரைச் சுட்டானோ! உனக்குத் தெரிஞ்சுதான் மறைச்சனியோ?"

மக்டலீன் திருப்பிக் கேட்டாள்.

"துவக்கைக் கையிலை எடுத்தவரோ அண்ணை?"

"இல்லை. குடுத்தும் வாங்கேல்லை, கள்ளன்."

"வாங்கமாட்டார். அவர் ஒருத்தரையும் சுடேல்லை. ஆசுபத்திரியிலை மருந்து கட்டினவர். டொக்டர் இல்லாத நாளிலை ஆக்களுக்குள்ளை கிடந்த சன்னமெல்லாம் அவர்தான் எடுத்தவர். என்ரை விலாவுக்குள்ளை கிடந்ததும் அதுக்குள்ளை ஒண்டு. நீங்கள் என்னை இங்கை கூப்பிடுறதுக்கு இரண்டு வேலை செய்துகொண்டிருந்தனீங்கள், சொன்னால் இடிஞ்சுபோவியள் எண்டுதான் சொல்லேல்லை, அவரையும் சொல்லவிடேல்லை."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பஸ்ரியன் மூன்று தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான். தங்கச்சியின் உயிருக்காக எட்வேட் அவனுக்குக் கடன்பட்டிருந்தான். ஒரு நன்றிகூட இன்னும் சொல்லவில்லை.