பாதிப் பூ

"அல்லா மேல ஆணை, தம்பி. நான் சொல்லப்போறதுல ஒத்த வார்த்தை பொய் கிடையாது" என்று நெஞ்சில் கைவைத்துத் தொடங்கினார் தாராவி தையல்காரர் அபுதாஹிர்.

ஷாகுல் ஹமீது காதில் அது ஏறவில்லை. அவன் கண் எதிரே தொங்கிய தன் கல்யாணக் கோட்டின் மேலேயே இருந்தது. வலது பாதி அவன் கேட்டபடி வெறும் கறுப்பு. இடது பாதி ரோஜா நிற வெல்வெட். அதில் முழங்காலிலிருந்து கழுத்து வரை ஜரிகைக் கொடி ஏறி, இலைக்கு இலை முத்து வைத்து, பொத்தான் ஓரத்தில் ஒரு பெரிய பூவின் பாதியோடு நின்றிருந்தது. எல்லாம் கையால் போட்ட வேலை.

மாஹிமில் இன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் நிக்காஹ். மாற்றிப் போட வேறு கோட்டு இல்லை.

"காக்கா, எங்க மாமா எப்படிப்பட்ட ஆளுன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

தெரியாமல் என்ன? தோல் கிட்டங்கி வைத்து வியாபாரம் செய்யும் ஜெயினுலாப்தீன், சட்டையில் பளபளக்கும் பொத்தான் வைத்திருந்த ஒரு மாப்பிள்ளையை வாசலோடு அனுப்பியவர். மினுக்குகிறவனுக்கு என் மகள் நஜ்முன்னிசா கிடையாது என்று ஷாகுலிடமும் முதல் நாளே சொல்லிவிட்டார். அவருக்கு ஷாகுலைப் பிடித்துப் போனதற்கே காரணம், அவனும் அவரைப் போல ஒட்டடைக் கம்பு உடம்பு என்பதுதான். பின்னாலிருந்து பார்த்தால் பெண்ணின் வாப்பா யார், மாப்பிள்ளை யார் என்று தெரியாது.

அபுதாஹிர் கதையை விடவில்லை. உல்லாஸ்நகரில் ஒரு சேட்டு. அம்மாவுக்கு அவர் எளிமையாக இருக்க வேண்டும், பெண்டாட்டிக்கு ஜோராக இருக்க வேண்டும். இரண்டு பேர் சண்டையில் சேட்டு சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். அபுதாஹிர் இதே மாதிரி ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தார். கறுப்புப் பக்கம் அம்மா, ரோஜாப் பக்கம் பெண்டாட்டி என்று நடுவில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்த சேட்டு ஊதிப்போய், மாசா மாசம் கோட்டைப் பிரித்து அகலமாக்க வருகிறார். என்ன, லோக்கல் ரயிலில்தான் கஷ்டம். டிக்கெட் பரிசோதகர் ஒரு பக்கத்தைப் பார்த்து மூன்றாம் வகுப்புக்குப் போகச் சொல்வார், மறு பக்கத்தைப் பார்த்து முதல் வகுப்பில் உட்காரச் சொல்வார். சேட்டு வழி நெடுக இறங்கி ஏறிக்கொண்டே வருவார்.

"முழுக்கக் கறுப்புன்னா போலீஸ்காரன், முழுக்க ரோசான்னா கூத்தாடி. குடும்பம் நடத்துறவனுக்கு ரெண்டும் வேணும்லா? ஊரு பாக்குற பக்கம் கண்டிப்பு, பொஞ்சாதி உக்காருற பக்கம் கனிவு. பம்பாய்ல இப்ப இதுதான் ஸ்டைலு."

அந்தக் கடையில் கோட்டின் இடப்பக்கம் ஒரு ஆள், வலப்பக்கம் ஒரு ஆள் தைப்பார்கள். சேர்த்து மூட்டுவது அபுதாஹிர் கை. அந்தக் கை இவ்வளவு யோசித்ததா என்று ஷாகுலுக்கே ஆச்சரியமாகிவிட்டது.

"பூ பாதிதானே இருக்கு?"

"மீதி கல்யாணத்துல வந்து சேரும்."

"மாமா கேட்டா?"

"வாயத் தொறக்க மாட்டாரு. நான் ஜவாப்."

மாப்பிள்ளை ஏறிய விக்டோரியா குதிரை வண்டி மாஹிமுக்குப் புறப்பட்டது. தெருவின் வலப்பக்கம் நின்றவர்கள் மாப்பிள்ளை அடக்கமான பிள்ளை என்றார்கள். இடப்பக்கம் நின்றவர்கள் நவாப் வீட்டுப் பிள்ளை என்றார்கள். பாதி வழியில் ஷாகுலுக்குப் பயம் தெளிந்து, குஷியே வந்துவிட்டது. ரோஜாப் பக்கம் யாரும் இல்லாத இடத்தில் வண்டியை மெதுவாகப் போகச் சொல்லி, ஆள் கூடிய இடத்தில் இன்னும் மெதுவாகப் போகச் சொன்னான்.

மண்டபத்தில் உட்கார்ந்ததும் அந்தக் குஷி போன இடம் தெரியவில்லை. திடீரென்று பேச்சுச் சத்தம் அடங்கியது. பெண்ணின் வாப்பா வருகிறார். ஷாகுல் தலை நிமிராமல் எழுந்து நின்றான். முதலில் செருப்பு தெரிந்தது. பிறகு கோட்டின் ஓரம் தெரிந்தது.

இடது பாதி கறுப்பு. வலது பாதி ரோஜா வெல்வெட், ஜரிகைக் கொடி, பொத்தான் ஓரத்தில் பாதிப் பூ.

ஜெயினுலாப்தீன் மாப்பிள்ளையைக் கட்டித் தழுவினார். கறுப்பு கறுப்போடும் ரோஜா ரோஜாவோடும் போய்ச் சரியாகப் பொருந்தின. சபைக்குக் கேட்காமல் காதோரம் கேட்டார்.

"உல்லாஸ்நகர் சேட்டு கதைதான் ஒங்களுக்கும் சொன்னானா, மாப்ள?"

ஷாகுல் தலையாட்டினான்.

"சரி. நாளைக்கு வலிமா விருந்துக்கு முந்தி அந்த ரோசாப் பாதியப் பிரிச்சுக் குடுத்துருங்க. நான் ஆசப்பட்டு முழுசா தைக்கச் சொன்னது."